தொப்புளிலிருந்து கணுக்கால்வரை

பட்டறைத் தரையில் சாக்கு விரித்து மல்லாந்து படுத்திருந்தேன். சட்டை நெஞ்சுவரை ஏறியிருந்தது. நைலான் நூலின் ஒரு முனையை என் தொப்புளில் நானே கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தேன். மறுமுனையை வெல்டர் பழனிசாமி என் கணுக்காலுக்கு இழுத்துப் பிடித்துக் குந்தியிருந்தான். பக்கத்தில், அன்று காலைதான் வந்திருந்த ஒரு புது லாரிச் சேஸ், பாடி ஏறாத வெறும் அடிச்சட்டம், தன் முறைக்குக் காத்திருப்பதுபோல நின்றது.

“அண்ணா, வயித்த எக்காதீங்க. அளவு மாறுதுங்.”

“எக்கலை. மூச்சு விடறேன்.”

“சித்த நேரம் விடாம இருங்க.”

இடது காலுக்கு நூலில் சாக்பீஸால் ஒரு கோடு. வலது காலுக்கு ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தான். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு தடவை வைத்தான்.

“அரை இஞ்ச் வருதுங்கண்ணா. இடதுதான் கம்மி.”

“சரியாப் பாரு, பழனி.”

“சேஸுக்குப் பாக்கற மாதிரித்தானுங்க பாத்தேன்.”

அதுதான் பிரச்சினை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவன் நான். புதுச் சேஸ் வந்ததும் நாங்கள் செய்யும் முதல் வேலை, மூலைக்கு மூலை நூல் பிடிப்பது. இரண்டு நூலும் சமமாக இருந்தால் சேஸ் நேர். நூல் முன்னே பின்னே வந்தால் கோணல். கோணல் சேஸில் எவ்வளவு அழகாகப் பாடி கட்டினாலும் அது ரோட்டில் நண்டு மாதிரிதான் போகும். இருபத்தைந்து வருடங்களில் அந்த நூல் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஆகவே எழுந்து உட்கார்ந்தபோது, என் கதை முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பயப்படுவதில் என் முன்அனுபவம்

இந்தத் தொடரில் என் வீரத்தைப் பற்றி இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை. காரணம், எழுத எதுவும் இல்லை.

அதற்கு ஒரு மாதம் முன்பு இடது மார்பில் என்னவோ துடிக்கிறது என்று சேலத்துக்கு ஓடினேன். துடிக்கும், நிற்கும், மறுபடி துடிக்கும். ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்த பெரியவர் சொன்னார்: “தம்பி, உங்க பாக்கெட்ல போன் அதிருது.” எடுத்துப் பார்த்தேன். ஏழு அழைப்புகள். எல்லாம் என் மனைவி மல்லிகா.

“எங்க போனீங்க, சொல்லாமக் கொள்ளாம?” என்றாள்.

“நெஞ்சு துடிச்சுது, அதான்.”

“நாந்தான் காலையில இருந்து அடிச்சுட்டே இருந்தேன்” என்றாள்.

யோகா வகுப்பில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவள்தான். உடம்புக்காக அல்ல. காலையில் ஒரு மணி நேரமாவது என் வியாதிகளைப் பற்றி வேறு யாராவது கேட்கட்டும் என்று.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒற்றைக்கால்

வகுப்பு நடப்பது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். விடிந்தும் விடியாத நேரம். பினாயில் வாசத்துக்கு அடியில் முந்தைய நாள் ரசத்தின் வாசம் இருக்கும். நீள மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் பாய் விரிப்போம். முகூர்த்த நாளில் வகுப்பு கிடையாது.

சொல்லிக்கொடுப்பவர் தேன்மொழி. ஆத்தூர்க்காரர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பிசியோதெரபி படித்தவர். அதனால் ஆசனத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, எந்த எலும்பு எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் ஆரம்பிப்பார். அவரிடம் வருபவர்களில் பாதிப் பேர் லாரித் தொழில். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எங்கள் பாஷை அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

முதல் வாரம் குனிந்து கால்விரலைத் தொடச் சொன்னார். என் கை முழங்காலோடு நின்றது. முதுகு மட்டும் கூன் போட்டது.

“சார், டிப்பர் எங்க மடங்கும்?”

“பின்னாடி கீல்ல.”

“கீலை இறுக்கி வெல்டு வச்சுட்டு ஜாக்கியால தூக்கினா?”

“பாடி வளையும்.”

“அதான் இப்ப நடக்குது. உங்க கீலு இடுப்பு மூட்டு. உட்கார்ற எலும்புல இருந்து தொடைக்குப் பின்னாடி முட்டி தாண்டி ஒரு தசை வருது. அது குட்டையா இருந்தா இடுப்பெலும்ப முன்னாடி சாய விடாது. பாவம், அதுக்குப் பதிலா முதுகு வளையுது. முட்டியக் கொஞ்சம் மடக்குங்க.”

மடக்கினேன். பின்தொடையின் இழுப்பு தளர்ந்தது. இடுப்பு தானாக உருண்டு முன்னால் சாய்ந்தது. கை கணுக்காலுக்குப் போய்விட்டது. ஐம்பத்திரண்டு வருடம் கூடவே இருந்த உடம்பில் கீல் எங்கே இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

வம்பு வந்தது விருட்சாசனத்தில். ஒரு காலில் நின்று, மறு பாதத்தைத் தொடையில் ஒட்டி, கையை மேலே குவிக்க வேண்டும். இடது காலில் கோபுரம் மாதிரி நின்றேன். வலது காலில் நின்றதும் சாய்ந்துபோய், பக்கத்தில் நின்ற எருமப்பட்டிக் கோழிப்பண்ணைக்காரரின் தோளைப் பிடித்தேன். அவரும் மரமாக நின்றுகொண்டிருந்தார். இரண்டு மரமும் ஒட்டுக்காகச் சாய்ந்தன.

“சும்மா நிக்கறவனையும் சேத்து இழுக்கறீங்களே” என்றார் அவர், பாயிலிருந்தபடியே.

தேன்மொழி என் வலது இடுப்பின் பக்கவாட்டில் விரலால் தட்டினார். “இங்க ஒரு தசை தூங்குது சார்.”

அவர் சொன்னதை என் புத்திக்கு எட்டியபடி சொல்கிறேன். ஒற்றைக்காலில் நிற்கும்போது உடம்பின் எடை அந்தக் காலுக்கு நேர்மேலே இல்லை. உள்பக்கமாக, உடம்பின் நடுக்கோட்டில் தொங்குகிறது. இடுப்பெலும்பு ஒரே தூண்மேல் வைத்த உத்திரம் மாதிரி. அந்தப் பக்கம் கவிழாமல் இருக்க, இந்தப் பக்கம் வெளியிலிருந்து ஒரு கயிறு இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தக் கயிறுதான் அந்தத் தசை. அதற்குக் கிடைத்த நெம்புகோல் குட்டை. எடைக்குக் கிடைத்தது நீளம். கடப்பாரையைக் கிட்டத்தில் பிடித்து நெம்புகிற மாதிரி, மொத்த உடம்பு எடையைவிடவும் அதிகமாக அது இழுக்க வேண்டியிருக்கிறது.

“நிக்கும்போது எந்தக் கால்ல நிப்பீங்க?” என்று கேட்டார்.

“ரெண்டுலயுந்தான்.”

“பட்டறையில எப்படி நிக்கறீங்கன்னு ஒரு நாள் பாருங்க.”

பார்த்தேன். இடது காலில் முழுதாகச் சாய்ந்து, வலது முழங்காலை லேசாக மடக்கி, அந்தக் காலைச் சும்மா துணைக்கு வைத்துக்கொண்டு நின்றேன். இருபத்தைந்து வருடமாக வலது காலுக்குச் சம்பளத்தோடு விடுமுறை.

அத்தோடு நிறுத்தியிருந்தால் நல்லது. செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். இடது குதிகால் மட்டும் தேய்ந்து ஒரு பக்கம் சரிந்திருந்தது.

அப்பாவின் இடது கால்

நான் பயந்தது செருப்பால் அல்ல. அப்பாவால்.

அப்பா லாரி ஓட்டியவர். ஐம்பதைத் தாண்டியபின் இடது இடுப்பு மூட்டில் எலும்பு அரித்து, கால் குட்டையாகிக்கொண்டே வந்தது. முதலில் செருப்பு ஒரு பக்கம் தேய்ந்தது. பிறகு நடை சாய்ந்தது. பிறகு ஒரு நாள் சங்ககிரியில் வண்டியை நிறுத்தி இறங்கினார். கிளட்சை மிதிக்க முடியவில்லை. அதன்பின் அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. பத்து வருடத்துக்கு மேல் வாசலில் நாற்காலி போட்டு, போகிற வண்டிகளின் சத்தத்தை வைத்தே என்ன வண்டி, என்ன லோடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். தப்பாது. அதைக் கேட்க எங்களுக்குத்தான் பொறுக்காது.

இப்போது எனக்கும் அதே வயது. அதே இடது. அதே செருப்பு. நான் செய்யும் வேலையோ ஏறுவது, குனிவது, சேஸுக்கு அடியில் நுழைவது. கால் போனால் எனக்கும் ஒரு நாற்காலிதான்.

இந்தக் கணக்கோடுதான் நான் அன்று தரையில் படுத்தது. நூலும் அரை இஞ்ச் என்று கையெழுத்துப் போட்டுவிட்டது.

பேக்கிங்

ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. போனால் ஆபரேஷன் என்பார்கள். பயந்தவன் டாக்டரிடம் ஓடுவான் என்று நினைக்கிறவர்கள் அரைகுறையாகப் பயந்தவர்கள். முழுதாகப் பயந்தவன் தானே வைத்தியம் செய்துகொள்வான்.

லாரி ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் என்ன செய்வோம்? ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் பேக்கிங் என்று ஒரு தகட்டைக் கொடுப்போம். பழைய டயர் ஒன்றை எடுத்து, குதிகால் அளவுக்கு அரை இஞ்ச் கனத்தில் ரப்பர் வெட்டி இடது செருப்பில் ஒட்டினேன். எழுந்து நின்றேன்.

“எப்புடிங்கண்ணா இருக்குது?” என்றான் பழனிசாமி.

“லெவல் வந்துருச்சு.”

“மூஞ்சி வரலீங்களே.”

வீட்டில் மல்லிகா உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

“ஏனுங்க, போன மாசம் நெஞ்சு. இந்த மாசம் காலுங்களா?”

“அப்பாவுக்கு வந்த மாதிரியே இருக்குது, மல்லிகா.”

அவள் சிரிக்க வாயெடுத்தாள், சிரிக்கவில்லை. மாமனாரைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்கு அழைத்துப் போனவள் அவள். “நாளைக்கே அந்தப் புள்ளகிட்டச் சொல்லுங்க” என்றாள். சொல்கிறேன் என்றேன். நான்கு நாள் சொல்லவில்லை.

வகுப்பில் செருப்புப் போட முடியாது. அதனால் காலுறைக்குள் ரப்பரை வைத்துக்கொண்டு போனேன். ஏன் சாக்ஸ் என்று தேன்மொழி கேட்டதற்கு, தரை சில்லென்று இருக்கிறது என்றேன். அது நாமக்கல், சித்திரை மாதம்.

இரண்டாம் நாள் இடது இடுப்புக்குமேல் ஒரு பிடிப்பு. மூன்றாம் நாள் அது விலாவுக்கு ஏறியது. எலும்பு அரிப்பு மேலே பரவுகிறது என்று முடிவு செய்தேன். ஒரு தாளை எடுத்து, பட்டறைச் சாவிகள் எது எது எங்கே இருக்கிறது என்று மல்லிகாவுக்கு எழுதிவைத்தேன். அவள் அதன் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுதி என்னிடமே கொடுத்தனுப்பினாள்.

சாப்பாட்டு மேசைமேல்

நான்காம் நாள் திரிகோணாசனம். காலை அகட்டி, வலது பக்கம் சாய்ந்து, வலது கையால் வலது கணுக்காலைத் தொட வேண்டும். சாய்ந்தேன். இடது இடுப்பில் யாரோ ஸ்பேனர் போட்டு ஒரு சுற்று முறுக்கிய மாதிரி இருந்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

“மேல வாங்க சார்” என்றார் தேன்மொழி.

“வாரேன்.”

வகுப்பே நிமிர்ந்து அடுத்த பக்கம் சாய்ந்து அதிலிருந்தும் நிமிர்ந்துவிட்டது. நான் மட்டும் வராத பஸ்ஸை எட்டிப் பார்ப்பவன்போலச் சாய்ந்தே நின்றேன்.

“சார், மேல வாங்க.”

“வாரதுக்குத்தான் பாக்கறேன். வரலீங்க.”

கோழிப்பண்ணைக்காரரும் இன்னும் இருவரும் என்னைச் சாய்ந்த வாக்கிலேயே தூக்கிப்போய்ச் சாப்பாட்டு மேசைமேல் கிடத்தினார்கள். முந்தைய நாள் பந்திக்கு விரித்த காகிதம் இன்னும் அதில் இருந்தது. காகிதத்தில் ஓர் அப்பளத் துண்டு. அதன்மேல் நான்.

தேன்மொழி காலுறையை உருவினார். ரப்பர் கீழே விழுந்தது.

“இது என்ன சார்?”

“பேக்கிங்.”

இனி மறைத்துப் பயனில்லை. அப்பாவில் ஆரம்பித்து நூல்வரை சொல்லி முடித்தேன். வாசல் நாற்காலி வந்ததும் கூரையைப் பார்த்துச் சொன்னேன். கோழிப்பண்ணைக்காரர் மேசையில் கிடந்த அப்பளத்தைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேன்மொழி சிரிக்கவில்லை. பையிலிருந்து தையல் டேப்பை எடுத்தார்.

“எங்கிருந்து அளந்தீங்க?”

“தொப்புள்ல இருந்து. நடு சென்டர் அதுதானுங்களே.”

அவரும் தொப்புளிலிருந்து அளந்தார். “ஆமா, அரை இஞ்ச் வருது” என்றார். என் உயிர் மேசைக்கு அடியில் போய் நின்றது.

“இப்ப சொல்லுங்க. நீங்க ஒரு வண்டிய அளக்கறப்ப சேஸுல இருக்கற ஓட்டையில இருந்து அளப்பீங்களா, தார்ப்பாய்ல ஒரு புள்ளி வச்சு அளப்பீங்களா?”

“தார்ப்பாய்ல எவனாவது அளப்பானுங்களா? அது இழுத்த பக்கம் போகுமே.”

சொல்லி முடித்தபிறகுதான் கேள்வி எங்கே போகிறது என்று உறைத்தது.

“தொப்புள் எலும்புல இல்ல சார். தோல்ல இருக்கு” என்றார்.

இடுப்பின் முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனை உண்டு. அங்கிருந்து கணுக்காலின் உள்முட்டுவரை இரண்டு காலையும் அளந்தார். டேப்பை என் கண்ணுக்கு நேரே நீட்டினார். இரண்டும் ஒன்று. நம்பாமல் இன்னொரு தடவை கேட்டேன். அளந்தார். ஒன்றுதான்.

“கால் ரெண்டும் சமம். இடுப்புதான் சாஞ்சிருக்கு. எப்பவும் இடது கால்ல சாஞ்சு நின்னா அந்தப் பக்கத்து இடுப்பெலும்பு மேல ஏறும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல இருக்கற தசை சுருங்கி, ஏறினத அப்படியே பிடிச்சுக்கும். படுத்தாலும் விடாது. காலும் கூடவே மேல போகும். குட்டையாத் தெரியும். நீங்க என்ன பண்ணீங்க, ஏற்கெனவே ஏறியிருக்கற பக்கத்துக்கே ஜாக்கி வச்சிருக்கீங்க.”

“அப்ப எலும்பு அரிக்கலீங்களா?”

அவர் என் இடது முழங்காலை மடக்கி, இடுப்பு மூட்டில் நாலாபக்கமும் சுழற்றிப் பார்த்தார். “அரிச்சிருந்தா உள்பக்கம் திருப்பும்போதே கத்தியிருப்பீங்க. மனசு ஆறலைன்னா ஒரு எக்ஸ்ரே எடுத்துருங்க. ஆனா எல்லாரும் கேக்கவே சொல்லிடறேன், மூட்டு நல்லா இருக்கு.”

வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்புக்கு அடியில் சுருட்டிய பாயைக் கொடுத்து, இடது கையைத் தலைக்குமேல் நீட்டச் சொன்னார். மூச்சு உள்ளே போகும்போது இடது விலா விசிறி மாதிரி விரிவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த ஸ்பேனர் ஒரு சுற்று தளர்ந்தது. பிறகு தொப்புளிலிருந்து மறுபடி அளந்தார். அரை இஞ்ச் நூலளவாகிவிட்டது.

எக்ஸ்ரே எடுத்தேன். கேட்கவே வேண்டாம், அன்றைக்கே எடுத்தேன். மூட்டில் ஒன்றுமில்லை. மல்லிகா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்குதுங்க” என்றாள், டாக்டர் சொன்னதை அவள் சரிபார்த்துவிட்ட மாதிரி. பிறகு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

எல்லாருக்கும் இடது

மறுநாள் காலை பட்டறைக்குள் நுழைந்தபோது நடையில் ஏதோ வித்தியாசம். என் நடையில் அல்ல. மற்றவர்கள் நடையில்; நான்கு நாளாக என் காலையே பார்த்துக்கொண்டிருந்தவன் கண்ணில் அது படவில்லை. பெயிண்டர், தகரம் வெட்டுகிறவர், பழனிசாமி, மூன்று பேரும் இடது பக்கம் ஒரு குலுக்கலோடு நடந்தார்கள். குனிந்து பார்த்தேன். மூன்று இடது செருப்பிலும் டயர் ரப்பர்.

“இதென்ன?”

“நூல் புடிச்சுப் பாத்தமுங்க” என்றார் பெயிண்டர். “எனக்கு கால் இஞ்ச்சு. தகரக்காரருக்கு மூணு நூலு, அரை இஞ்ச்சுக்கு ஒரு நூலு கம்மி. அண்ணனே போட்டிருக்கீங்க, காரணம் இல்லாமயா இருக்கும்னு நாங்களும் போட்டுக்கிட்டோம்.”

என் பயத்துக்கு இவ்வளவு செல்வாக்கு உண்டு என்று எனக்குத் தெரியாது. மூன்று பேரையும் வரிசையாகத் தரையில் படுக்க வைத்தேன். எலும்பு முனையைத் தேடிப் பிடித்து, நேற்றுக் கற்ற வித்தையை இன்று காட்டினேன். பெயிண்டர் சமம். தகரம் வெட்டுகிறவர் சமம். ரப்பரைப் பிய்த்து எறிந்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

பழனிசாமிக்கு அளந்தேன். மறுபடி அளந்தேன். வலது கால் ஒரு இஞ்ச் குட்டை. தொப்புளிலிருந்து அல்ல, எலும்பிலிருந்து எலும்புக்கு.

பதினெட்டு வருடமாக என்னிடம் இருப்பவன். பாடியின் மேல்சட்டத்தில் ஒரு கையில் வெல்டிங் ஹோல்டரோடு நடப்பவன். அவனைப் பார்க்காமல் நூலைச் சுருட்டினேன். அரை இஞ்ச் என்று கேட்டதற்கே நான் பட்டது எனக்குத் தெரியும்.

“எவ்வளவுங்கண்ணா?”

“சமம்” என்றேன்.

அவன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான். மற்றவர்கள் காதுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டான்.

“உங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்கண்ணா. வலது ஒரு இஞ்ச் கம்மி. பத்து வயசுல புளியமரத்துல இருந்து உழுந்து தொடையெலும்பு முறிஞ்சுது. கட்டுப் போட்டவங்க சேத்தி வெச்சதே அப்புடித்தான். அதுக்குத் தக்கன நடந்து பழகிட்டேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு வலி கிடையாது.”

“தெரிஞ்சுமா? அப்ப ரப்பரை வலது செருப்புலதானே வச்சிருக்கோணும்? இடதுல எதுக்கு வச்சே?”

அவன் செருப்பிலிருந்து ரப்பரை நிதானமாகப் பிய்த்தான்.

“நீங்க நாலு நாளா பயந்து செத்துக்கிட்டு இருந்தீங்க. ஒத்தையிலயே நொண்டுனா இன்னும் பயம் வரும். கூட ஒரு ஆளு நொண்டுனா கொஞ்சம் தெம்பா இருக்குமேன்னு போட்டேன்.”

ரப்பரை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். “முதுகு வலிச்சுதா?” என்று கேட்டேன்.

“வலிக்காதுங்களா? நாலு நாளா பொரண்டு படுக்க முடியலைங்க” என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு சட்டத்தில் ஏறினான்.